கடைசி ஆள் வரும் வரை

என் புருஷன் லயனல், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பான். அவனிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், எரிச்சல் மூட்டியதும் அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் நடைக் கூட்டத்தோடு குன்றேறிவிட்டு வீட்டுக்கு வருவான். பூட்ஸ் முழுக்கச் சுண்ணாம்புக் குன்றின் வெள்ளைச் சேறு அப்பியிருக்கும். "உள்ள கால வெச்சே, தொலைச்சிருவேன்!" என்று சமையலறையிலிருந்தே கத்துவேன். தரையில் விரிக்க நான் பழைய பேப்பரை எடுத்துக்கொண்டு போகும் வரை வாசல் மிதியடியை விட்டு நகரமாட்டான். ஒருமுறை தங்கையோடு போனில் பேசிக்கொண்டே அவனைச் சுத்தமாக மறந்துவிட்டேன். வெளியே மழை வேறு. கதவைத் திறந்தால் தொப்பலாக நனைந்து நிற்கிறான்.

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே, மண்டு!"

"நீ வரேன்னு சொன்னியே, பெரில்."

இப்படிப்பட்ட ஆளுக்கு அந்த நடைக் கூட்டத்தின் வழக்கம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. முன்னால் போகிற வழிகாட்டி, பாதை பிரிகிற இடத்தில் தனக்கு அடுத்து வருகிறவரை நிறுத்திவிட்டுப் போய்விடுவார். நிற்பவர் பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் கை காட்ட வேண்டும். எல்லோருக்கும் பின்னால், கையில் ஆரஞ்சுப் பட்டை கட்டிய கடைசி ஆள் வருவார். "எனக்குப் பின்னால யாரும் இல்ல, நடங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் முக்கில் நிற்பவர் நகரலாம். நான் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. காசு கொடுத்தாலும் சேறு மிதிக்கமாட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

ஒரு ஞாயிறு, நவம்பர் மாத மூடுபனி. என்றும் பச்சையாக அடர்ந்து நிற்கிற யூ மரக் காட்டுக்குள், பழைய ராஜாக்களைப் புதைத்த மண்மேடுகளுக்குப் போகிற பாதை பிரியும் இடத்தில் லயனலை நிறுத்தினார்கள். கடைசி ஆள் நார்மன். லயனல் நின்ற இடத்துக்கு வரும் முன்பே ஒரு பெண்மணிக்குக் கால் பிசகிவிட்டது என்று, அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு குறுக்கு வழியில் ஊருக்கு இறங்கிவிட்டான். லயனல் மற்றவர்களோடு போயிருப்பான் என்று நார்மன் நினைத்தான். லயனல் நார்மனோடு வருவான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நினைத்துக்கொண்டே பப்பில் உட்கார்ந்து பீர் குடித்தார்கள்.

வேறு யாராவது என்றால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானாகவே இறங்கியிருப்பார்கள். இருட்டிய பிறகு நான் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக் கத்தியதும் டார்ச்சோடு ஓடினார்கள். நிறுத்திய இடத்திலேயே லயனல் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். சவ அடக்கத்தன்று தேவாலய வாசலில், எல்லோர் முன்னாலும், நார்மனைப் பார்த்து "கொலைகாரா" என்றேன். அதன் பிறகு அவன் கூட்டத்துக்கும் போகவில்லை, பப்புக்கும் போகவில்லை. நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். ஒன்பது வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

போன மாதம், புதிதாகக் கூட்டத்தில் சேர்ந்த பக்கத்து வீட்டு டாம்சின் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"பெரில், உங்களுக்குத்தான் ஊர்ல எல்லாரையும் தெரியுமே. யூ காட்டுல ஒரு பெரியவர் நிக்கிறாரே, அவர் யாரு? நேத்து பனியில வழி தவறிட்டேன். அவர்தான் கை காட்டினாரு. வாங்கன்னு கூப்பிட்டா, கடைசி ஆள் இன்னும் வரலைன்னுட்டாரு. நேத்து எங்க கூட்டமே போகல, நான் மட்டும்தான் போனேன்!"

"எப்படி இருந்தாரு?"

"ரொம்ப சாதுவா. மஞ்சள் கம்பளித் தொப்பி. சிரிக்காதீங்க, காதை மூடுற மடிப்புல ஒண்ணு சரியா இருக்கு, இன்னொண்ணு நெத்திப் பக்கமா போகுது!"

நான் சிரிக்கவில்லை. அந்தத் தொப்பியைப் பின்னியவள் நான்தான். வாழ்க்கையில் நான் பின்னிய ஒரே தொப்பி. கையிலிருந்த துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டேன். அவனை அந்தத் தொப்பியோடுதான் புதைத்தோம்.

டாம்சினிடம் சொல்லி, கூட்டத்தின் ஆரஞ்சுப் பட்டையை இரவல் வாங்கினேன். அடுத்த பனி நாளில் லயனலின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு குன்றேறினேன். மூச்சு வாங்கியது, வாய் நிறையத் திட்டிக்கொண்டே ஏறினேன். அந்தக் காட்டுக்குள் பட்டப்பகலிலேயே வெளிச்சம் செத்துவிடும். யூ மரங்களுக்குக் கீழே ஒரு புல்கூட முளைக்காது. கிளைகளெல்லாம் தரையில் கையூன்றித் திரும்ப எழுந்து நிற்கும். பறவைச் சத்தம்கூட இல்லை.

பாதை பிரிகிற இடத்தில் அவன் நின்றான்.

பயமாக இல்லை. அழுகைதான் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "நான்தான் கடைசி ஆள். எனக்குப் பின்னால யாரும் இல்ல, நட" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் கண் என் தோளுக்கு மேலே, நான் வந்த பாதையிலேயே இருந்தது. "இல்லம்மா, இன்னிக்கு நார்மன்தான் கடைசி. இன்னும் வரல. நீங்க இப்படியே போங்க, மேடு தாண்டினா வெளிச்சம் வந்துரும்."

"லயனல், நான் பெரில். என்னைப் பாரு!"

"வந்துருவான்மா. நார்மன் நம்பிக்கையான ஆளு."

கெஞ்சினேன். திட்டினேன். கையைப் பிடிக்கப் போனேன். ஈரக் குளிர் மட்டும்தான் கையில் பட்டது. அவன் மரியாதையாக எனக்கு வழி காட்டிக்கொண்டே இருந்தான். ஒன்பது வருஷமாகக் குளிரில் நிற்கிறான். அதுவும் எனக்காக இல்லை, நார்மனுக்காக! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு வந்தது பொறாமை.

மறுநாள் நார்மன் வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவன் ஒரு அடி பின்னால் போனான். கிழவனாகிவிட்டான், கையில் தடி.

"என்னைத் திட்டத்தானே வந்திருக்க? உள்ள வந்து திட்டு, குளிருது" என்றான்.

"திட்ட வரல. அவன் அங்கயேதான் நிக்கிறான், நார்மன். நீ வரணும்னு நிக்கிறான். நான் கூப்பிட்டா வரமாட்டேங்கிறான்."

பைத்தியமா உனக்கு என்று கேட்பான் என்று நினைத்தேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அங்க நிப்பான்னு எனக்குத் தெரியும். அதான் நான் அந்தப் பக்கமே போறதில்ல" என்றான். "என்னைப் பார்த்து என்ன கேப்பான், பெரில்?"

"எனக்கென்ன தெரியும்? வந்து கேட்டுக்கோ."

அவனுடைய பழைய பட்டை மேசை டிராயரிலேயே இருந்தது. எடுத்து நான்தான் அவன் கையில் கட்டிப் பார்த்தேன்.

மூன்று நாள் வெயில் காய்ந்தது. பனி வராதா என்று வேண்டிக்கொண்ட இங்கிலாந்துக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நாலாம் நாள் குன்று முழுக்கப் பனி மூடியது. கீழே ஊரில் மட்டும் காய்ந்துதான் கிடந்தது. நார்மனின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வேலிகளைத் தாண்டுகிற ஒவ்வொரு படியிலும் அவனைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. காட்டு விளிம்பில் நின்றுவிட்டான். "என்னால முடியல" என்றான். "முடியும், நட" என்றேன். இந்த மனுஷனைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போவேன் என்று யாராவது அன்று தேவாலய வாசலில் சொல்லியிருந்தால் அவர்களையும் திட்டித் தீர்த்திருப்பேன்.

மஞ்சள் தொப்பி தெரிந்தது. முதல்முறையாக லயனலின் கண் பாதையை விட்டு ஒரு மனிதனின் மேல் நின்றது. பட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"ஏன்டா இவ்ளோ நேரம்? பப்ல இந்நேரம் பீரே தீர்ந்திருக்கும்."

நார்மன் முதுகில் ஒரு இடி இடித்தேன். "எனக்குப் பின்னால யாரும் இல்ல, லயனல்" என்றான் அழுதுகொண்டே. "நட. மன்னிச்சுக்கோ. நட."

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா? எனக்குத்தான் வீட்டுல இருக்கு பூசை. சாயங்காலம் சீக்கிரம் வரேன்னு பெரில்கிட்ட சொல்லியிருந்தேன். வாசல்லயே நிக்க வெச்சு வறுத்தெடுப்பா."

நான் அவன் பக்கத்திலேயே நின்றேன், கை எட்டும் தூரத்தில். கத்தமாட்டேன்டா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டான். கடைசி ஆளுக்கு முன்னால் யாரும் போகலாம், பின்னால் யாரும் வரக் கூடாது. அதுவும் அவர்கள் வழக்கம். அதனால் நார்மனின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். முன்னால் அந்தத் தொப்பி ஆடி ஆடிப் போயிற்று. காடு முடிந்து திறந்த புல்மேட்டுக்கு வந்தபோது பனி கலைந்தது. ராஜாக்களின் மண்மேடுகள் மேல் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவன் இல்லை.

நார்மன் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். மன்னித்தேன் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. ஃப்ளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி, முதல் கோப்பையை அவனிடம் கொடுத்தேன். "சர்க்கரை போடலியா?" என்றான். "குடி, வாயை மூடிட்டு" என்றேன்.

அவனை வீட்டில் விட்டுவிட்டு நான் என் தெருவுக்கு வந்தபோது விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். போய்விட்டான், நிம்மதியாகப் போய்விட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே வந்தேன். மனசு கல்லாகக் கனத்தது.

எங்கள் தெரு காய்ந்து கிடந்தது. ஆனால் என் வாசலுக்கு வருகிற பாதையில் வெள்ளைச் சேறு சொட்டியிருந்தது. மிதியடியில் இரண்டு பூட்ஸ் தடம், ஈரமாக, கதவைப் பார்த்தபடி. அதைத் தாண்டி ஒரு தடமும் இல்லை. அங்கே நின்ற குளிர் எனக்குத் தெரிந்த குளிர்.

சாவியைப் போட்டுக் கதவை அகலத் திறந்தேன். சமையலறை வரைக்கும் விளக்குகளைப் போட்டேன். திரும்ப வாசலுக்கு வந்தேன்.

"பேப்பர் எல்லாம் வேண்டாம்" என்றேன். "பூட்ஸோடயே உள்ள வா, லயனல்."