கடிகாரக்காரர் வீட்டு மாடி

எங்கள் இணையக் குழுவில் முந்நூறு பேர் இருக்கிறோம். பாதிப் பேருக்கு நரை தட்டிவிட்டது. நல்ல வேலையில் இருக்கிறோம், நாலு பேர் மதிக்கும்படி நடந்துகொள்கிறோம். எங்கள் ஊர்ப் பொழுதுபோக்குப் பூங்காவின் பழைய தெரு என்று பேச்சு வந்துவிட்டால் மட்டும் ஒரு பொம்மைக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகளாகிவிடுவோம். போன மாதம் ஜன்னல் சட்டத்தின் பச்சை எந்தப் பச்சை என்ற சண்டையில் இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறினார்கள். மறுநாள் வேறு பெயரில் திரும்பி வந்து அதே சண்டையைத் தொடர்ந்தார்கள்.

பழைய தெருவில் பதினோரு வீடுகள். வீடுகள் என்று சொல்வது பழக்கதோஷம், எல்லாம் வெறும் முகப்புகள். முன்னால் நின்றால் ரொட்டிக்கடை, தபால் நிலையம், தையற்கடை. பின்னால் போனால் இரும்புச் சட்டமும் பலகையும்தான். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உள்ளே படி உண்டு, மாடியில் ஓர் அறையும் தெருவைப் பார்த்த ஜன்னலும் உண்டு. அதுதான் கடிகாரக்காரர் வீடு.

தெருவைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று நிர்வாகம் அறிவித்ததும் குழு இரண்டாக உடைந்தது. கை வைக்கக் கூடாது என்ற கட்சிக்குத் தலைவர் சுண்ணாம்பு. அவர் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். தபால் நிலையச் சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு சில்லைப் பொறுக்கி, பூதக்கண்ணாடியில் பார்த்து, பதினேழு பூச்சு இருக்கிறது என்று எண்ணிச் சொன்னதால் வந்த பெயர். அந்தச் சில்லை இன்றும் மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறார். எதிர்க்கட்சிக்குத் தலைவர் பல் டாக்டர். சொத்தையைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது, பிடுங்கிவிட்டுப் புதிதாகக் கட்டினால்தான் தூக்கம் வரும். நான் சுண்ணாம்புக் கட்சி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் எனக்குக் கண்ணாடி என்று பெயர்.

புதுத் திட்டத்தில் கடிகாரக்காரர் வீட்டின் படியும் மாடி அறையும் போகின்றன. அந்த இடத்தில் அகலமான பால்கனி வருகிறது. அதில் கையில் விளக்குடன் ஒரு பெண் பொம்மை அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து, விளக்கை இரண்டு தடவை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போகும். எல்லாம் அந்தக் கதையால் வந்த வினை.

கதை இதுதான். கடிகாரக்காரர் ஒரு பழைய கடிகாரத்துக்குப் பல்சக்கரம் தேடிக் கப்பலேறிப் போனார். சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொன்னார், எந்தச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை. அதனால் அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறு மணிக்கு மாடி ஜன்னலில் விளக்கை இரண்டு முறை காட்டினாள். ஒன்று 'இருக்கிறேன்', இன்னொன்று 'வா'. இந்தக் கதைக்காகவே அந்த ஜன்னலுக்குக் கீழே நின்று கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டவர்கள் எங்கள் குழுவில் ஒன்பது பேர்.

கதையில் ஒரு குறையும் இல்லை, பொய் என்பதைத் தவிர. அதை எழுதியவள் நான்.

அப்பா அந்தப் பூங்காவில் சின்ன ரயில் ஓட்டினார். அண்ணன் அங்கேயே எலக்ட்ரீஷியன். அண்ணன் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டான். அப்பா அவனை வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டார். ஒரே பூங்காவில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு வருடம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. "அவன்கூடப் பேசினன்னு தெரிஞ்சா நீயும் அவன் பின்னாடியே போயிடலாம்" என்றார் அப்பா. அவர் சொன்னால் சொன்னதுதான். அந்தக் கோபத்தில் பாதியை எனக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சனிக்கிழமைகளில் தட்டச்சு வகுப்பு முடிந்து பூங்காவுக்குப் போவேன். ஆறு மணிக்கு அப்பாவுக்கு ரயில் முடியும். இருவரும் பழைய தெரு வழியாக வாசலுக்கு நடப்போம். மற்ற நாட்களில் தெரு விளக்குகள் ஆறரைக்குத்தான் எரியும். சனிக்கிழமை மட்டும் சரியாக ஆறு மணிக்குக் கடிகாரக்காரர் வீட்டு மாடி ஜன்னல் இரண்டு தடவை மின்னிவிட்டு வெளிச்சமாகும். பக்கச் சுவரில் அண்ணனின் சைக்கிள் சாய்ந்திருக்கும். நான் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பேன். நல்லா இருக்கியா என்று அவன் கேட்டாயிற்று, நல்லா இருக்கேன் என்று நான் சொல்லியாயிற்று. அப்பா கவனிப்பதற்குள் சட்டென்று திரும்பி நடந்துவிடுவேன். அந்த இரண்டு மின்னலை வைத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வரை ஓட்டினேன். அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குப் பிறகும் அதிகம் வாய்க்கவில்லை.

அண்ணனுக்கு மகள் பிறந்தாள். அப்பா யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டார். வீராப்பு அத்தோடு தீர்ந்தது. விளக்கைப் பற்றி அண்ணனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எங்கள் வீட்டில் பாசத்தை வாய்விட்டுச் சொல்வது கெட்ட வார்த்தை பேசுவது மாதிரி.

பல வருடம் கழித்து இணையத்தில் எங்கள் குழு தொடங்கியபோது ஒருவர் கேட்டார், சின்ன வயதில் சனிக்கிழமை ஆறு மணிக்கு அந்த ஜன்னல் இரண்டு தடவை மின்னுமே, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று. நாற்பது பேருக்கு ஞாபகம் இருந்தது. நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்போம் என்றார் இன்னொருவர். அண்ணன் அப்போதும் அங்கேதான் வேலையில் இருந்தான். நேரத்துக்கு முன்னால் யாரைக் கேட்டு விளக்குப் போட்டாய் என்று பழைய கதையைக் கிளறுவார்கள். கப்பல், பல்சக்கரம், மனைவி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடித்து அனுப்பினேன். ஒருத்தர்கூட ஆதாரம் கேட்கவில்லை. அடுத்த வருடம் நிர்வாகமே அதைச் சுற்றுலாக் கையேட்டில் போட்டது. அடுத்ததாக அந்த ஜன்னலுக்கு ஒரு பல்பும் டைமரும் வைத்து, சனிக்கிழமை தவறாமல் மின்ன வைத்தது. இப்போது அந்தக் கதைக்காகவே அந்த அறையை இடிக்கப் போகிறார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று எனக்கு அன்று புரிந்தது.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, பூங்கா அரங்கத்தில். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சாட்சிக்கு அண்ணனை அழைத்துப் போனேன். போன வருடம் ஓய்வு பெற்று, முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தான். எதற்கு என்று சொல்லவில்லை. பழைய ஆட்கள் எல்லாம் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

பல் டாக்டர் முதலில் பேசினார். "இருபது வருஷமா அந்தப் பொண்ணு ஒரு முழ ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு இருக்கா. அவளுக்கு ஒரு பால்கனி கட்டிக் குடுக்கக்கூடவா நமக்கு மனசு வரல?" என்றார். கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. சுண்ணாம்பு எழுந்து பதினேழு பூச்சைப் பற்றிச் சொன்னார். இரண்டு பேர் தட்டினார்கள், அதில் ஒன்று என் கை.

பிறகு நான் எழுந்தேன். அப்பா, அண்ணன், ரயில், சனிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கதை என் பொய், அந்த வெளிச்சம் என் அண்ணன் எனக்குப் போட்டது, அதனால் அந்த அறையை விட்டுவிடுங்கள் என்றேன்.

"கண்ணாடி மேடம், உங்க பாசம் புரியுது. அதுக்காகக் கட்டடத்தைக் காப்பாத்த இப்படி ஒரு கதை கட்டலாமா?" என்றார் பல் டாக்டர்.

பொய்யை வாயில் போட்டு விழுங்கிய கூட்டம் உண்மைக்குப் பத்தியம் பார்த்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "இதோ உக்காந்திருக்கான் என் அண்ணன். அவனையே கேளுங்க" என்றேன்.

திட்டத்தை வரைந்த இளம் பெண் மைக்கை அவனிடம் கொடுத்தாள். அண்ணன் முதலில் அதன் வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகுதான் பேசினான்.

"லைட்டப் போட்டது நான்தாங்க. ஆனா ரெண்டு தடவ மின்னுனதுக்கு நான் பொறுப்பில்ல. அது டியூப்லைட்டு. சோக் பழசு. ரெண்டு தடவ கண்ணடிக்காம எரியவே எரியாது. ஸ்டார்ட்டர் கேட்டு எத்தனையோ தடவ எழுதிக் குடுத்தேன், கடைசி வரைக்கும் வரல."

அரங்கம் குலுங்கியது. "அப்போ டியூப்லைட் யாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததும் இன்னொரு தடவை குலுங்கியது. நம் ஊர்ப் பேச்சில் மெதுவாகப் புரிந்துகொள்கிறவருக்கு அதுதானே பெயர். எங்கள் வீட்டு அடுக்களையிலும் ஒரு டியூப்லைட் இருந்தது, அதுவும் மின்னித்தான் எரிந்தது. ஆனால் அண்ணன் போட்ட விளக்கை நான் விளக்காகப் பார்த்ததே இல்லை. பூச்சு எண்ணுகிறவரைக் கிண்டல் செய்த எனக்கு முப்பது வருடமாக இது தோன்றவில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். பால்கனி ஜெயித்தது. திங்கட்கிழமை இடிக்கத் தொடங்குவார்கள். அந்த இளம் பெண் இரக்கப்பட்டு, "வேணும்னா நீங்க ரெண்டு பேரும் மேல போய் ஒரு தடவ பாத்துட்டு வாங்க" என்று சாவியைக் கொடுத்தாள்.

படி குறுகல், பகலிலும் இருட்டு. அண்ணன் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினான். அறையில் தூசியும் ஒரு காலி மரப்பெட்டியும் தவிர ஒன்றுமில்லை. ஜன்னலில் நின்றால் தெரு முழுக்கத் தெரிந்தது, ரயில் நிலையத்திலிருந்து வாசல் வரை.

"ஏண்ணா, எனக்குத்தான் போட்டேன்னு ஒரு வார்த்த பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா? மொத்த சபையிலயும் மானம் போச்சு."

"உனக்குப் போடலன்னு நான் எப்போ சொன்னேன்? மின்னுனதுதான் என் வேலை இல்லன்னேன்." மூச்சு வாங்க மரப்பெட்டியில் உட்கார்ந்தான். "மத்த நாள்ல ஆறரைக்குத்தான் இங்க வருவேன். சனிக்கிழமை நீ போற நேரம்னு ஆறுக்கே வந்துடுவேன். ஸ்விட்ச் கீழ இருக்கு. போட்டுட்டுதான் ஏற முடியும், இல்லன்னா காலு தடுக்கும். ஓடித்தான் ஏறுவேன் பாப்பா. நான் ஜன்னலுக்கு வர்றதுக்குள்ள நீ திரும்பிடுவ."

விளக்கைப் பார்த்ததும் எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது என்று நான் திரும்பியிருக்கிறேன். அவன் அப்போது பாதிப் படியில் இருந்திருக்கிறான்.

"அப்போ என் மூஞ்சிய நீ பாக்கவே இல்லையா?"

"எங்க பாத்தேன்? ரெண்டு வருஷமும் உன் முதுகுதான். முதல்ல ரெட்டப் பின்னல். அப்புறம் ஒத்தப் பின்னல். இடுப்பத் தாண்டி வளந்துச்சு. ஒரு சனிக்கிழமை பாத்தா கழுத்தோட வெட்டிட்டுப் போற. அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல. உனக்காக லைட்டு போடறத கண்டுபிடிச்சு அப்பாதான் வெட்டிட்டாரோன்னு. அடுத்த ரெண்டு சனிக்கிழமை நான் லைட்டே போடல, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் அவனுக்கு என்மேல் என்ன கோபம் என்று அழுதிருக்கிறேன்.

"எல்லாம் சரியானப்புறம் கேட்டிருக்கலாமேண்ணா."

"அப்பா இருக்கற வீட்ல அத எப்படிக் கேக்கறது? அவரும் போனப்புறம், போனவரப் பத்தி என்னத்தக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்." முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். "சொல்லு. ஏன் வெட்டின?"

"பேன்ணா" என்றேன். "பள்ளிக்கூடம் முழுக்கப் பேன். அம்மாதான் வெட்டிவிட்டாங்க."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான், முழங்கால் வலியோடு, பெட்டி ஆட ஆட. பேனு, பேனு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நான் அவன் பக்கத்தில் தூசியில் உட்கார்ந்து அழுதேன்.