ஆய்வுக் குழுத் தலைவி

லொரெட்டா சிமான்ஸ்கி சனிக்கிழமைகளில் முடி வெட்டுவாள். மற்ற நாட்களில் மாநிலச் சட்டமன்றத்தில் உட்காருவாள். எதிரிலிருப்பவர் தலை எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்துப் பிழைப்பதுதான் இரண்டிலும் வேலை.

அந்தச் சனிக்கிழமை அவளிடம் தலை கொடுத்தவர் டொய்ல். ஊரிலுள்ள பெரிய இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சட்டமன்ற வராந்தாவில் உறுப்பினர்களைப் பிடித்து ஓட்டுக்குப் பேரம் பேசுபவர். நல்ல வியாபாரி, முழு விலையை முதலிலேயே சொல்ல மாட்டார்.

"மேல ரொம்ப எடுத்துடாதீங்க, இருக்கறதே கொஞ்சம்."

"பயப்படாதீங்க. நான் உங்க கம்பெனி இல்ல, கொஞ்சமாவது விட்டுவைப்பேன்."

டொய்ல் குலுங்கிச் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு கிழவிக்குச் சுருள் போட்டுக்கொண்டிருந்த கடைத் தோழி பெர்னடெட்டும் சிரித்தாள். அவளுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் கிடையாது. மார்பில் கட்டி தட்டுப்படுகிறதென்று முதல் பனி விழுந்த வாரம் லொரெட்டாவிடம் மட்டும் சொன்னாள். "டாக்டர்கிட்ட காட்டப் போனா வீட்டை விக்கணும்டி." அரசே மலிவாக இன்சூரன்ஸ் தரும் மசோதா கமிட்டியில் இருந்தது. "கொஞ்சம் பொறு, வசந்தத்துக்குள்ள வந்துடும்," என்று வாக்குக் கொடுத்தவள் லொரெட்டா. கமிட்டியில் இழுபறி, அவள் ஓட்டுதான் முடிவு.

பெர்னடெட் கிழவியை முடி உலர்த்த உள்ளே கூட்டிப்போனதும் டொய்ல் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். "எங்க மேலிடத்துல கம்பெனியையே ஒஹாயோ மாநிலத்துக்கு மாத்திடலாமான்னு யோசிக்கறாங்க. நம்ம ஊர்ல தொள்ளாயிரம் குடும்பம் இந்த வேலையை நம்பியிருக்கு. பாதிப் பேரு இங்கதானே வெட்டிக்கறாங்க?"

கத்தரி நின்றது.

"மசோதாவைக் கொல்லச் சொல்லலைங்க. ஆய்வுக்கு அனுப்புங்க. ரெண்டே வருஷம். குழுவுக்கு நீங்களே தலைவி."

அந்தக் கட்டடத்தில் யாரும் எதையும் கொல்வதில்லை, ஆய்வுக்குத்தான் அனுப்புவார்கள். லொரெட்டாவுக்கு அது தெரியும். ஆனாலும் ஊர் வேலையும் தங்கும், மசோதாவும் பாதியாவது மிஞ்சட்டும் என்று மனம் கணக்குப் போட்டது. தலைவி என்ற சொல்லும் காதில் கொஞ்சம் இனித்தது.

செவ்வாய்க்கிழமை கமிட்டியில் அவளே எழுந்து, ஆய்வுக்கு அனுப்பலாமென்று முன்மொழிந்தாள். இரு தரப்பும் கைதட்டியது. வராந்தாவில் கைகுலுக்கிய டொய்லின் முகத்தில் நிம்மதியைவிட ஆச்சரியம்தான் அதிகம் தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: அவர் இன்னும் நிறையக் கொடுக்கத் தயாராக வந்திருக்கிறார். இவள் முதல் விலைக்கே தள்ளிவிட்டாள்.

சாயங்காலம் கடையில் பெர்னடெட் மயிரைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"பாஸாயிடுச்சாடி?"

"ஆய்வுக்குப் போயிருக்கு. நான்தான் தலைவி."

"சரி, தலைவியம்மா. எப்ப வரும்?"

"ரெண்டு வருஷம். நோயாளிங்களைக் கூப்பிட்டு விசாரிப்போம். உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவேன்."

"அப்ப சீக்கிரம் கூப்பிடு."

பெர்னடெட் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். லொரெட்டாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் அக்குளுக்குள் வைத்து அழுத்தினாள். அங்கே இன்னொரு கட்டி, கொண்டைக்கடலை அளவுக்கு, நகராமல் இருந்தது.

"போன மாசம் இது இல்ல," என்றாள். "ம், ஆய்வு பண்ணு."

லொரெட்டாவுக்குக் கையை எடுக்கத் தைரியம் வரவில்லை.