கட்டம் போட்ட உற்சவம்

கோயில் உற்சவத்துக்கு ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்று 2003இல் சின்னக் காஞ்சிபுரத்தில் யாரும் கேட்கவில்லை. ஸிந்துஜாவும் தினகரனும் சேர்ந்து நடத்திய பிரவுசிங் சென்டரில் மத்தியான நேரத்தில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் தினகரன் செய்த வேலை அது. தெருக்கோடியில் இருந்த சிறிய பெருமாள் கோயிலில் பத்து நாள் உற்சவம். எந்த நாள் காலையில் என்ன வாகனம், மாலையில் என்ன வாகனம் என்று போட்டான். வெளியூருக்குப் போய்விட்ட குடும்பங்கள் அதைப் பார்த்து டிக்கெட் எடுக்க ஆரம்பித்தன.

அப்போது எல்லாரும் செய்ததைப் போலத் தினகரனும் பக்கம் முழுவதையும் அட்டவணையாகவே கட்டியிருந்தான். மேல் கட்டத்தில் கோபுரப் படம், இடது கட்டத்தில் இணைப்புகள், வலது கட்டத்தில் செய்தி. வலது கட்டத்துக்குள் இன்னோர் அட்டவணை, அதற்குள் இன்னொன்று. ஏதாவது கட்டம் சுருங்கிவிடும் போலிருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை நீளமாக இழுத்து உள்ளே முட்டுக் கொடுப்பான். பக்கம் அசையாமல் நிற்கும்.

ஒரே ஒரு சங்கடம். எந்தக் கட்டம் எவ்வளவு அகலம் என்று தெரிந்துகொள்ள, பிரவுசர் எல்லாக் கட்டங்களும் வந்து சேரும்வரை காத்திருக்கும். டெலிபோன் வழியாக இன்டர்நெட் வந்த காலம். அதுவரை திரை வெள்ளையாகவே கிடக்கும்.

"பக்கம் வர்றதுக்குள்ள பெருமாள் வீதி சுத்திட்டு உள்ளே போயிடுவார்" என்றாள் ஸிந்துஜா.

"வந்துக்கினுதானே இருக்குது? ஓடுறத எதுக்குமா நோண்டுறே?"

"பார்டர் கலரை மாத்தணும்னா ஒவ்வொரு பக்கமா திறந்து மாத்தறியே, உனக்கே அலுக்கலையா?"

அவள் ஸ்டைல்ஷீட் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். அதில் வேலை இரண்டாகப் பிரிகிறது. இது தலைப்பு, இது செய்தி, இது இணைப்பு என்று பக்கம் சொல்லும். தலைப்பு என்ன நிறம், செய்தி எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதெல்லாம் தனியாக வேறொரு கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் எல்லாப் பக்கங்களும் மாறும். எழுத்துகள் வர வரத் திரையில் தெரியும். உற்சவத்துக்குச் சில நாள் முன்னால் அவள் முழுவதையும் புதிதாக எழுதி முடித்தாள். பக்கம் உடனே திறந்தது. தினகரன் இரண்டு முறை மூடித் திறந்து பார்த்தான்.

"சரி, ஒத்துக்கிறேன். ஸ்பீடாதான் இருக்குது."

"ஒரு டேபிள் கூட இல்ல" என்றாள் ஸிந்துஜா. அந்த வீம்பில்தான் தவறு நடந்தது. உற்சவ நிரலிலும் அவள் அட்டவணையை விட்டுவைக்கவில்லை. நாள் ஒரு பத்தி, காலை ஒரு பத்தி, மாலை ஒரு பத்தி என்று மேலிருந்து கீழாக ஓடும் மூன்று தனித்தனிப் பத்திகளை அருகருகே நிறுத்தினாள். அவள் திரையில் வரிகள் அளவுகோல் வைத்ததுபோல நேராக நின்றன.

ஐந்தாம் நாள் காலை சென்டர் போன் அடித்தது. பெங்களூரிலிருந்து அவளுடைய அத்தை ரமாமணி.

"ஸிந்து, நாளைக்குச் சாயங்காலம் பஸ் ஏறறேன்டி. நாளன்னிக்குக் கார்த்தால அனுமந்த வாகனத்துக்குச் சரியா இருக்கும்."

அனுமந்த வாகனம் புறப்படும் காலையில் அத்தையின் புகுந்த வீட்டு வாசலில் மண்டகப்படி. வாசல் தெளித்துக் கோலம் போட்டு, தட்டோடு வீட்டார் நின்றால் வாகனம் நிற்கும். பூட்டிய வீட்டைத் தாண்டிப் போய்விடும். அந்த வீட்டில் அது ஒரு வருஷமும் தவறியதில்லை. வழக்கமாக எல்லாம் பார்த்துக்கொள்ளும் அத்தையின் கணவர், முழங்கால் ஆபரேஷன் முடிந்து பெங்களூரில் படுத்திருந்தார். யாளி வாகனத்தைப் பழுது பார்ப்பதால் இந்த வருஷம் வரிசையும் மாறியிருந்தது. பழகிய கணக்கு உதவாது.

"அத்தை, அனுமார் நாளைக்கு! ஆறாம் நாள்."

"ஏழுன்னுதானே போட்டிருக்கே. கண் முன்னாடி இருக்கு. பையன் எழுத்தைப் பெரிசு பண்ணிக் குடுத்திருக்கான், நன்னா தெரியறது."

ஸிந்துஜாவின் கை தானாக மௌஸுக்குப் போனது. எழுத்தளவை மிகப் பெரியதாக்கினாள். திரையைப் பார்த்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் காலைக்கு எதிரே 'நாச்சியார் திருக்கோலத்தில் பல்லக்கு' என்று இருந்தது. சின்ன எழுத்தில் ஒரே வரி. எழுத்து பெரிதானதும் அது மடங்கி இரண்டு வரியானது. காலைப் பத்தியில் அதற்குக் கீழே இருந்த எல்லாம் ஒரு வரி இறங்கின. பக்கத்துப் பத்திக்கு அது தெரியாது. நாள்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அனுமார் ஏழாம் நாளுக்கு எதிரே போய் நின்றுகொண்டார்.

"அத்தை, தப்பு என்னோடது. இன்னிக்கே கிளம்பிடுங்கோ."

 "மத்தியான பஸ்ஸைப் பிடிக்கறேன்" என்று மட்டும் சொல்லி அத்தை வைத்துவிட்டாள்.

தினகரன் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தான். அவன் பிள்ளையார்பாளையத்துக்காரன், வீட்டில் இன்றைக்கும் தறி ஓடுகிறது.

"நெடுக்கால பாவு மட்டும் மூணு கட்டி வெச்சிருக்கியேமா. ஊடையே இல்ல. குறுக்கால ஒண்ணு ஓடினாத்தானே துணி?"

"கிண்டல் அப்புறம் பண்ணு. வேற யார் யார் பாத்திருப்பாங்க?"

"பெரிய எழுத்து வெச்சிக்கினு பாக்குறவங்க அல்லாரும். கண்ணாடிக்காரங்க. அவங்கதான் நெறைய."

அவன் போனை எடுத்து, தெரிந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். ஸிந்துஜா மூன்று பத்திகளையும் அழித்துவிட்டு அட்டவணை எழுதினாள். அட்டவணையில் ஒரு வரிசையின் கட்டங்கள் ஒன்றையொன்று விட்டுப் போகாது. ஒரு கட்டத்தில் எழுத்து மடங்கினால் அந்த வரிசை முழுவதும் உயரும். மற்றக் கட்டங்கள் கூடவே நிற்கும். நாளும் வாகனமும் உண்மையிலேயே வரிசையும் பத்தியுமாகச் சேர்ந்தவை. கோபுரப் படமும் இணைப்புகளும் அப்படிச் சேர்ந்தவை அல்ல, அவற்றை ஸ்டைல்ஷீட்டிலேயே விட்டாள். அட்டவணைக்கு நிறமும் கோடும்கூட அங்கிருந்தே கொடுத்தாள்.

"இப்ப ஒரு டேபிள் இருக்குதே" என்றான் தினகரன், போனைக் காதில் வைத்தபடி.

"இருக்கட்டும்."

சாயங்காலம் அத்தை ஒரு பையும் ஒரு தூக்குமாக வந்து இறங்கினாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்த ஸிந்துஜாவிடம், வாசலைப் பெருக்க ஆள் கிடைக்குமா என்றுதான் முதலில் கேட்டாள். ஆள் கிடைக்கவில்லை. ஸிந்துஜாவே பெருக்கினாள்.

மறுநாள் காலை வெயில் ஏறும் முன்பே தெருமுனையில் நாதஸ்வரம் கேட்டது. குடை தெரிந்தது; பிறகு அனுமாரின் தோளில் பெருமாள். அத்தை தேங்காய் பழத் தட்டை இரு கையாலும் பிடித்து நின்றாள். தோளில் சுமந்தபடி பக்கத்து வீட்டைத் தாண்டி வந்த பாதந்தாங்கிகள் அவள் வாசலில் நடையைத் தளர்த்தி, வாகனத்தை வீட்டைப் பார்க்கத் திருப்பினார்கள். பட்டர் தட்டை வாங்கிக்கொண்டு குடும்பத்தின் பெயரைக் கேட்டார். அவள் கணவரின் பெயரை இரண்டு முறை சொன்னாள்.

வாகனம் நகர்ந்ததும் தீர்த்தம் பட்ட கையோடு நேரே பிரவுசிங் சென்டருக்கு வந்தாள். தினகரன் எழுந்து போனை அவள் பக்கம் நகர்த்தினான். பெங்களூர் எண்ணை அவளே அழுத்தினாள். கணவர் எடுத்தார்.

"ஏன்னா," என்றாள், "நின்னார்."