பாஞ்சாலை கொப்பளித்த வெந்நீர்

கோபால்சாமி பரண்மேல் நின்று ஒரு கூப்பாடு போட்டால் சாமைக் கொல்லைக்கு வந்த காட்டுப்பன்றிகள் அமிர்திக் காடு வரை திரும்பிப் பார்க்காமல் ஓடும் என்பார்கள். அவருக்குப் போய்க் குடலிறக்கம் வந்தது. கதிர் பிடிப்பதற்குள் அறுவை செய்துகொள்ளலாம் என்று அவர் மனைவி பாஞ்சாலை மலையிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா, மூச்சு விடுவதற்குத் தொண்டை வழியாக ஒரு குழாய் வைக்கப்போவதாகச் சொன்னார். எழுந்த பிறகு இரண்டு நாள் தொண்டை வலிக்கலாமாம். கோபால்சாமி கட்டிலை விட்டு இறங்கிவிட்டார்.

"வயிறு எப்படியாவது போவட்டுங்க. தொண்டை போச்சின்னா சாமை அத்தினியும் பன்னிக்குத்தான்!"

"சின்னக் குழாயா பாத்து, வழவழன்னு மருந்து தடவி, மெதுவா வைக்கிறேன். நல்லாத் தெளிஞ்சதும் உப்பு வெந்நீர்ல கொப்பளிங்க. அதுக்கு முன்ன ஒரு சொட்டுக்கூட வாயில படக்கூடாது."

அறுவை முடிந்து அவரைப் படுக்கையில் கிடத்தினார்கள். மனுஷன் தெளிகிற வழியாகக் காணோம். சொம்பிலே வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. பாஞ்சாலைக்குப் பொறுக்கவில்லை. சன்னலோரம் போய் அண்ணாந்து, தானே 'களகள'வென்று கொப்பளிக்கத் தொடங்கினாள்.

நர்ஸ் சம்பூர்ணம் ஓடி வந்தாள். "இன்னாம்மா பண்றே?"

"அவருக்குப் பதிலா."

"தொண்டை அவருதும்மா!"

"போன வருசம் அவருக்கு ஜொரம். மொட்டை நான் போட்டேன். ஜொரம் அவருக்குத்தானே போச்சு?"

சம்பூர்ணம் போய் இன்னொரு சொம்பு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கோபால்சாமி விழித்தார். "ஏ பாஞ்சாலை, பன்னி வந்துச்சா?" குரல் மணிபோல இருந்தது. டாக்டரம்மாவுக்குப் பெருமை, பாஞ்சாலைக்கு அதைவிடப் பெருமை. நன்றாகச் சோதித்துவிடலாம் என்று கோபால்சாமி மூச்சை இழுத்தபோது, அறுத்த டாக்டர் பாய்ந்து வந்து வாயைப் பொத்தினார்.

"கத்துனா வயித்துத் தையல் பிரிஞ்சிடும்யா! அடுத்த பொங்கல் வரைக்கும் சத்தமா மூச்சுக்கூட விடாதே!"

கூப்பாடு வயிற்றிலிருந்து வருகிறது என்பதைத் தொண்டையைக் காத்த இருவரும் யோசித்தே பார்க்கவில்லை.

கதிர் முற்றியது. பரண்மேல் கோபால்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்றிக் கூட்டம் வந்தது. பாஞ்சாலை எழுந்து நின்று ஒரே ஒரு கூப்பாடு போட்டாள். கொல்லை காலி.

எதிர்ச் சரிவில் தன் கொல்லைக்குக் காவலிருந்த சின்னராசு குரல் கொடுத்தான். "மாமா! குழாய் வெச்சதுல தொண்டை முன்னைக்கு இப்ப சோக்கா கீது!"

அது தன் குரலில்லை என்று சொல்ல கோபால்சாமி வாயைத் திறந்தார். அவ்வளவு தூரம் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.