பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தெரணியகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பழைய மின்பெட்டியைக் கழற்றிப் புதியது வைக்கிறார்கள், அதை இயக்குவோருக்கான குறிப்புகளைத் தமிழில் எழுதித் தர வேண்டும் என்று கூப்பிட்டார்கள். கதை எழுதுவது ஆசைக்கு, மொழிபெயர்ப்பு சோற்றுக்கு. போனேன். வயரிங் படங்களை வரைபவள் லோஜினி. டவுனில் அவளுடைய அப்பாவின் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்து வேலை செய்கிறாள். எனக்கு விளங்க வேண்டுமென்று கொம்பியூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: மழை விட்ட ஒரு மாலையில், மலைகளின் மேல் பனிமூட்டம் மெல்ல

[நிறுத்திவிட்டேன். மழையும் இல்லை, மாலையும் இல்லை. காலை பதினொரு மணி. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.]

2

திரையில் நடுவே ஓர் ஏணி. அதன் ஒவ்வொரு படிக்கும் ஓர் எண். ஒரு படி என்பது வயரை முடுக்கும் ஒரு திருகு. இடப்பக்கம் மெஷினிலிருந்து வரும் வயர்கள், வலப்பக்கம் பெட்டிக்குள்ளே போகும் வயர்கள். எந்த வயர் எந்தத் திருகில் முடிகிறது என்பதைப் பார்க்க அந்த ஒரு படம் போதும்.

"இது பழைய பெட்டி. உள்ளது உள்ளபடி ஏத்திக்கிட்டு இருக்கேன்," என்றாள். பிறகு திரையில் ஓரிடத்தைப் பெரிதாக்கினாள்.

பதினொன்றாம் திருகிலிருந்து பன்னிரண்டாம் திருகுக்கு ஒரு சின்னக் கோடு, வளைவாக.

"இது இருக்கக்கூடாது சேர். பதினொண்ணும் பன்னிரண்டும் செவப்புப் பட்டனோட வயருங்க. பட்டன அழுத்தினா அந்த எடத்துல கரண்ட் அறுந்து மெஷின் நிக்கணும். ரெண்டையும் இப்படிச் சேத்துட்டா, எத்தன தடவ அழுத்தினாலும் கரண்ட் இந்தக் குறுக்கு வழியில போயிட்டே இருக்கும்."

தரவுகளை எடுத்து அனுப்பியவர் வரக்காப்பொல ஊர்க்காரர் நுஹ்மான், பெட்டிகளைத் திறந்து வயர் வயராகப் பார்த்து எழுதுகிற எலக்ட்ரீஷியன். லோஜினி அவரை ஸ்பீக்கரில் அழைத்தாள்.

"நான் பிழையா ஒண்டும் எழுதல்ல தங்கச்சி. குறுக்கால லிங்க் ஒண்டு போட்டுத்தான் ஈக்கி. போட்டோவும் அனுப்பினேனே. மழைக்குப் பட்டன் நனஞ்சா மெஷின் சும்மா சும்மா நிக்கும். அதுக்கு யாரோ போட்டீக்கிற."

"புதுசா போட்டதா இருக்குமா, நுஹ்மான் நானா?"

"இல்ல. பெட்டிய சீல் வச்சீந்த. மூணு வருஷம். நான்தான் ஒடச்சேன்."

3

சீல் வைத்த காரணத்தைச் சொல்ல வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன், ஒரு முற்பகலில், உலர்த்தும் மெஷினுக்கு அரைத்த கொழுந்து ஏற்றும் பெல்ட்டில் அழகமுத்து என்பவரின் வலக்கை சிக்கியது. இரண்டு விரல்கள் போயின. விசாரணைக்கு வந்தவர்கள், நின்றிருந்த மெஷினின் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள். டக்கென்று சத்தம் வந்தது. பொத்தான் நன்றாக இருக்கிறது, தொழிலாளி அதை அழுத்தவில்லை, கவனயீனம் என்று எழுதினார்கள். பெட்டிக்கு சீல் வைத்தார்கள். அழகமுத்துவைப் புல்லு வெட்ட அனுப்பினார்கள்.

(பெட்டியைத் திறந்து பார்க்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. இதில் சதி ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் கதை எழுத வசதியாக இருந்திருக்கும்.)

4

லோஜினியின் மேலாளர் பிரதீபன் கொழும்பிலிருந்து பேசினார். அவரைக் கெட்டவராக எழுத இரண்டு தடவை முயன்றேன், வரவில்லை. களைத்துப்போன மனிதரின் குரல் அது.

"வியாழக்கிழம அந்தப் பெட்டிய கழட்டிப் பழைய இரும்புக்குப் போடுறாங்க. புதுசுல லிங்க் இல்ல. பிறகு எதுக்கு இந்த அவுல், வீண் சிக்கல்? கோட்ட அழிச்சிட்டு சரியா வரைஞ்சிடுங்க."

"சரியா வரையிறதுன்னா எப்படி சேர்? இருந்த மாதிரியா, இருக்க வேண்டிய மாதிரியா?"

"வியாழனுக்கு முந்தி அனுப்புங்க," என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

லோஜினி துணிச்சல்காரி என்று எழுதினால் அது பொய். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். நான் பார்த்துக்கொண்டிருக்கவே சுட்டியை அந்தக் கோட்டின் மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். ஒரே ஒரு விசையை அழுத்தினால் கோடு போய்விடும். கீழே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாள். பிறகு கோட்டின் பக்கத்தில் தட்டினாள்: 'களத்தில் கண்டபடி. சீல் உடைத்த திகதி, புகைப்பட இலக்கம்.' தன் பெயரையும் போட்டாள். பிரதீபனுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினாள். அதன் பிறகு என்னைப் போகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் முழுவதும் ஒரு பதிலும் இல்லை. புதன்கிழமை மாலை பிரதீபன் படத்தில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினார். ஒரு சொல்லும் எழுதவில்லை. வியாழன் அன்று பெட்டியைக் கழற்றவில்லை.

5

அடுத்த மாதம் விசாரணையை மறுபடி நடத்தினார்கள். அழகமுத்துவின் கோப்பில் 'கவனயீனம்' என்ற சொல்லைக் கோடிட்டு அடித்தார்கள். கதையை இங்கே முடித்திருக்கலாம். ஒரு பிரதியில் முடித்தும் பார்த்தேன். அழகமுத்துவின் லயத்து வீட்டு வாசலில் எல்லோரும் சிரித்துக்கொண்டு

[இல்லை. நானும் லோஜினியுடன் அங்கே போயிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.]

அழகமுத்துவுக்கு ஐம்பதுக்குள் இருக்கும். லோஜினி கொண்டுபோன படத்தை மடியில் விரித்துப் பதினொன்றையும் பன்னிரண்டையும் மீந்த விரலால் தொட்டுப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் கேட்டார்:

"அப்ப நான் பட்டன அழுத்துனேனா மிஸ்?"

லோஜினிக்கு விளங்கவில்லை. "நீங்கதானே அண்ணே அழுத்துனேன்னு சொன்னீங்க?"

"மொதல்ல சொன்னேன். ஒரு வருஷம் சொன்னேன். எல்லாரும் இல்ல இல்லன்னாங்க. அழுத்தியிருந்தா நின்னிருக்குமேன்னு எனக்கே தோணிருச்சு. இப்ப கண்ண மூடினா, அழுத்தாம நிக்கிற மாதிரிதான் வருது."

"இந்தப் படத்துல அது தெரியாதுண்ணே," என்றாள். "அழுத்தியிருந்தாலும் நின்னிருக்காது. அது மட்டுந்தான் தெரியும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி தங்கம்மா சொன்னார்: "அழுத்தியிருப்பாரு. கை மாட்டினா யாரு சும்மா நிப்பா?"

"நீ பாத்தியா?" என்றார் அழகமுத்து, கோபமில்லாமல்.

6

அவர் அழுத்தினார் என்று எழுத எனக்கு இரண்டு சொற்கள் போதும். எழுதினேன்: 'அவர் அழுத்தினார்.' வாசிக்க நன்றாக இருந்தது. விசாரணைக்காரர்கள் எழுதிய வரியும் அவர்களுக்கு அப்படித்தான் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது. அழித்துவிட்டேன்.

புறப்படும்போது அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க எழுதுற ஆளுன்னாங்க. இத என்னன்னு போடுவீங்க?"

"நீங்க சொல்றபடி."

படத்தை மடித்து லோஜினியிடம் கொடுத்தார்.

"தப்பு என்னுதில்லன்னு போடுங்க. அழுத்துனேனான்னு கேட்டா, தெரியலன்னு போடுங்க. ரெண்டையும் போடணும். ஒண்ண மட்டும் போட்டா சரி வராது."

இரண்டையும் போட்டுவிட்டேன். வாசிக்கிற நீங்கள் உங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். வரட்டும், தடுக்கமாட்டேன். அவரிடம் மட்டும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.