பச்சைக் குள்ளனுக்கு வைத்த கண்ணி

1.

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தியிலிருந்து வந்தது. நானாக யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அப்படி இல்லை. எங்கள் பானுமதி டீச்சரின் தம்பி பிரேம், அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறார். மார்ச் பதினேழாம் தேதி அங்கே பெரிய பண்டிகை. புனித பேட்ரிக் என்ற சாமியாரின் நாள். "நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களும் அதைக் கொண்டாடுற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்புக்கா, எம்பொண்ணு அவ கிளாஸ்ல காட்டணுங்கறா" என்று பேசி அனுப்பியிருந்தார். டீச்சர் அதை என் தலையில் கட்டிவிட்டு, வீட்டுக்காரரின் கண் ஆபரேஷனுக்காக நாமக்கல் போய்விட்டார்.

பள்ளிக்கூடம் என்றால் கொல்லிமலை மேல் எடப்புளி நாட்டில் ஓட்டு வீட்டின் ஒரே ஓர் அறை. பால்வாடி வயதுப் பிள்ளைகள். நான் உதவிக்கு இருப்பவள். பிள்ளைகளுக்குக் கலைமணி அக்கா. ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டேன். பெரியவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது. [இதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. இது என் கதை இல்லை.]

பிள்ளைகள் இப்போதுதான் வீட்டுக்குப் போனார்கள். பண்டிகை நாளைக்கு. பின்னால் பலாமரத்தடியில் கண்ணி வைத்தாயிற்று. அதில் என்ன மாட்டும் என்று தெரிவதற்குள் இந்தக் கதையை முடித்துவிடப் பார்க்கிறேன். உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

2.

முதல் தொடக்கம்: "பனி மூடிய கொல்லிமலையின் காலைப் பொழுதில், பச்சை உடை அணிந்த மழலைகள்—"

வேண்டாம். மார்ச் மாத வெயிலில் பனி எங்கே இருக்கிறது? பச்சை உடையும் இல்லை. ஒத்திகைக்கு இன்றைக்குப் பச்சை போட்டு வரச் சொன்னதற்கு ஒருத்தி நீலம் போட்டுவந்து, இதுதான் பச்சை என்று அழுதாள். சதீஷ்குமார் சட்டையே இல்லாமல், இடுப்பில் வாழையிலை சுற்றிக்கொண்டு வந்தான்.

இரண்டாம் தொடக்கம்: "சிறு பிள்ளைகளோடு அயர்லாந்துப் பண்டிகையை எளிதாகக் கொண்டாடுவது எப்படி?" கட்டுரை மாதிரி எழுதிவிடலாம். டீச்சர் போனில் சொன்னதும் கட்டுரை மாதிரிதான் இருந்தது. "பயந்துக்காத கண்ணு. பச்சைத் துணி, மூணு இலைச் செடி, பச்சைச் சோறு, ஒரு பொறி. முடிஞ்சுது."

பச்சைச் சோறு பற்றிக் கவலை இல்லை. சாமைச் சோற்றில் கொத்தமல்லி அரைத்துக் கிளறினால் போதும், நாளைக்குச் செய்துவிடுவேன். மூன்று இலைச் செடிதான் கைவிட்டது. அந்த நாட்டில் அதற்கு என்னவோ பெயர். இங்கே வரப்பெல்லாம் புளியாரை கிடக்கிறது, அதே மூன்று இலை. காகிதத்தில் ஒட்டுவதற்குப் பறித்துவாருங்கள் என்று அனுப்பினேன். வெறும் கையோடு, புளித்த வாயோடு திரும்பி வந்தார்கள். ஒட்டுவதற்கு ஓர் இலைகூட மிஞ்சவில்லை.

சாமியார் கதையும் சொன்னேன். அயர்லாந்தில் இருந்த பாம்புகளையெல்லாம் அவர் கடலுக்குத் துரத்திவிட்டாராம்.

"அப்பறம் அதெல்லாம் எங்கீங்க்கா போச்சு?"

"இங்கதான்டா வந்துருச்சு. நேத்து எங்க ஊட்டுக் கோழிக்கூண்டுல ஒண்ணு இருந்துச்சு."

"அவரு நல்லவரே இல்லீங்க்கா!"

(இந்தப் பேச்சை அப்படியே விட்டுவைக்கிறேன். இதில் என் கற்பனை எதுவும் இல்லை. கதைக்கும் இது தேவையில்லை. அடித்து நீக்க மனம் வரவில்லை.)

3.

இப்போது பொறி. இனிதான் கதை.

அந்த நாட்டில் பச்சைக் குள்ளன் என்று ஒருவன் இருக்கிறான். முழங்கால் உயரம், பச்சைக் கோட்டு, எங்கேயோ தங்கம் ஒளித்துவைத்திருப்பான். பிடித்துவிட்டால், கேட்டதைக் கொடுத்த பிறகுதான் தப்பிக்க முடியும். பிள்ளைகள் முதல் நாளே பொறி செய்து வைப்பார்கள். பிரேம் அனுப்பிய படத்தில் அது ஒரு செருப்பு அட்டைப் பெட்டி. மேலே மினுமினுப்புத் தூள், ஐஸ் குச்சியில் ஓர் ஏணி. காலையில் பெட்டி காலியாக இருக்கும். பக்கத்தில் தங்கத்தாள் சுற்றிய மிட்டாய்க் காசுகள் கிடக்கும். குள்ளன் தப்பி ஓடும்போது சிந்தியதாம்.

அதாவது, அந்தப் பொறியை யாரும் பிடிப்பதற்காகச் செய்வதில்லை. தப்பவிடுவதற்காகத்தான் செய்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்கு அது புரிந்தது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. கிழங்குக் காட்டில் பெருச்சாளிக்குக் கண்ணி வைக்கிற வீட்டுப் பிள்ளைகளிடம் போய், பொறி செய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"இந்தப் பொட்டியில எலிகூட உழுகாதுங்க்கா."

"ஏணி வெச்சா ஏறி ஓடிருவானே! கூறு கெட்டவங்க."

மூங்கில் வளாரை வளைத்தார்கள். நார்ச் சுருக்குப் போட்டார்கள். தொட்டால் விடுபடுகிற குச்சியைப் பொருத்தினார்கள். குள்ளன் என்ன தின்பான் என்று சண்டை வந்தது. தங்கம் வைத்திருப்பவன் பிரியாணிதான் தின்பான் என்றது ஒரு கட்சி. "கருவாடு வைங்க்கா. கருவாட்டுக்கு எல்லாமே வரும்" என்று சதீஷ்குமார் முடித்துவைத்தான். பிடித்தால் என்ன கேட்பீர்கள் என்றேன். அவனுக்குச் சைக்கிள். இன்னொருத்திக்கு பஸ் ஹாரன். ஐந்து வயதுப் பூங்குழலி மட்டும் சுருக்கை இழுத்து இழுத்துப் பார்த்தபடி, "நான் அவங்கிட்டயே சொல்லிக்கறேன்" என்றாள்.

4.

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக அவள் அப்பா காளியண்ணன் வந்தார். மிளகு பறிக்கிற நேரம், கையெல்லாம் கீறல். அவர் கண்ணி வைத்து எதுவும் தப்பியதில்லை என்று ஊரில் பேச்சு. மகள் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"யாரு கட்டுனது?"

"நாந்தாம்ப்பா."

"சுருக்கு மேல இருக்குது பாரு சாமி. கழுத்துல மாட்டுச்சுன்னா செத்துப்போயிரும். காலுக்கு எறக்கிக் கட்டோணும்."

"அய்யோ, எறக்கிக் கட்டுப்பா! செத்துட்டான்னா அம்மாவ யாரு கூட்டியாருவா?"

அவர் கை நின்றது. [இங்கே 'இடி விழுந்தது போல' என்று எழுதி அடித்தேன். இடியெல்லாம் விழவில்லை. மூங்கில் வளாரைப் பிடித்தபடி ஒரு மனிதர் குந்தியிருந்தார், அவ்வளவுதான்.]

"யாரு சொன்னாங்க அப்பிடி?"

"அக்காதான். புடிச்சா எது கேட்டாலும் குடுத்துட்டுத்தான் போவானாம்."

அவர் என்னைப் பார்த்தார். "சும்மா... பண்டிகைங்கண்ணா..." என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முடிச்சை அவிழ்த்தார். சுருக்கைக் கீழே இறக்கினார். தோளில் கிடந்த துண்டின் ஓரத்தைப் பல்லால் கிழித்து, காலை அறுக்காமல் இருக்க நாரின் மேல் சுற்றினார்.

"காத்தால எந்நேரம் பாப்பீங்க?"

"ஒம்பது மணிக்குங்கண்ணா."

"நானும் வாரேன்."

5.

இனிக் கதை எங்கே போவது? ஒரு பிள்ளை நம்பினால் மிட்டாய் வைத்துச் சமாளிக்கலாம். பெரிய மனிதர் ஒருவர் துண்டைக் கிழித்துச் சுற்றுகிறார்.

பூங்குழலியின் அம்மா ஆர்த்தி ஐப்பசியில் மலையிறங்கிக் கீழே போனவர். காளப்பநாயக்கன்பட்டியில் அவருடைய அம்மா வீடு. பிள்ளையைக் கீழே நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், மூன்று பேரும் அங்கேயே இருக்கலாம், கட்டட வேலைக்குப் போய்ப் பிழைக்கலாம் என்றார். மிளகுக் கொடியை யார் பார்ப்பது என்றார் காளியண்ணன். இரண்டு பேரும் சொன்னதிலிருந்து இறங்கவில்லை. பிள்ளை அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. முதலில் ஆர்த்தி பள்ளிக்கூடத்துப் போனுக்குக் கூப்பிடுவார். பேசிய நாளெல்லாம் பிள்ளை சாப்பிடாமல் படுத்துக்கொண்டது. இனிக் கொடுக்காதீங்க என்று காளியண்ணன் டீச்சரிடம் சொல்லிவிட்டார்.

முடிவு அ: மிட்டாய்க் காசு. எல்லாரும் கத்துவார்கள். பூங்குழலி காசைத் தொடமாட்டாள். "தப்பிச்சுட்டான். நாளைக்கும் வெக்கலாம்" என்பாள். நாளைக்கு, அதற்கு மறுநாள்... மாட்டேன்.

முடிவு ஆ: பெருச்சாளி மாட்டுகிறது. வீடியோவை அயர்லாந்துக்கு அனுப்ப முடியாது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் சதீஷ்குமார் அதனிடமும் சைக்கிள் கேட்பான்; பூங்குழலியும் வரிசையில் நின்று கேட்பாள்.

முடிவு இ: "காலை பஸ்ஸிலிருந்து ஆர்த்தி இறங்கினார். மகளைக் கண்டதும்—"

கண்டதும்? நான் எழுதினால் ஒன்று அழுகிறார், இல்லையென்றால் அவள் கையைப் பிடித்து அதே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிப் போகிறார். நான் எழுதுகிற ஆர்த்தி பொய்யாக இருக்கிறார். அவர் எப்படிப் பேசுவார் என்றே எனக்குத் தெரியாது.

6.

அவர் குரல் கதைக்கு வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் போனை எடுத்தேன். நம்பர் அதிலேயே இருந்தது. கேட்டுவிட்டு வைத்துவிடுவதாகத்தான் எண்ணம்.

"ஏனுங்க, யாருங்க?"

பின்னால் கலவை இயந்திரம் சுற்றுகிற சத்தம். நான் பேசவில்லை.

"பள்ளிக்கூடத்து நம்பர்தானுங்க இது? பாப்பாவுக்கு ஏதாச்சுங்களா? டீச்சர்? பேசுங்களேன்!"

இதற்கு மேல் பேசாமல் இருந்தால் பாவம்.

"இல்லீங்க. பாப்பா நல்லா இருக்குதுங்க. நான் கலைமணிங்க, பள்ளிக்கூடத்துல... பாப்பா கண்ணி வெச்சிருக்குதுங்க. உங்களைப் புடிக்கறதுக்கு."

(எழுதியிருந்தால் இப்படியா சொல்லியிருப்பேன்! அயர்லாந்து, பண்டிகை, குள்ளன் என்று ஒழுங்காகக் கொண்டுவந்திருப்பேன். குள்ளனைப் பிறகுதான் சொன்னேன், தாறுமாறாக.)

இயந்திரச் சத்தம் தள்ளிப் போனது. அவர் நடந்து விலகியிருக்க வேண்டும்.

"அதுக்கு முடிச்சே போடத் தெரியாதே, கண்ணு."

"அவங்கப்பா சரி பண்ணிக் குடுத்தாருங்க. நாளைக்கு ஒம்பது மணிக்குப் பாக்கறமுங்க."

போன் அணைந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"நாளைக்கு அவரு அங்க இருப்பாருங்களா?"

"இருப்பாருங்க."

வைத்துவிட்டார்.

7.

வாசகரே, நான் மாட்டிக்கொண்டது இந்தக் கேள்வியில்தான். காளியண்ணன் இருந்தால் வரலாம் என்று ஆர்த்தி கேட்டாரா? இருந்தால் வர வேண்டாம் என்று கேட்டாரா? 'இருக்க மாட்டாருங்க' என்று நான் சொல்லியிருக்க வேண்டுமா? காகிதம் என்றால் இந்நேரம் அடித்து மாற்றியிருப்பேன். வாயால் சொன்னதை அடிக்க முடியாது என்பதை இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

திரும்பக் கூப்பிடலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்து வைத்துவிட்டேன். காளியண்ணனிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் அவர் நாளைக்கு வராமல் போகலாம்; அல்லது விடியும் முன்பே வந்து நிற்கலாம். அதுவும் தெரியவில்லை.

முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் அந்தக் கேள்வியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "நாளைக்கு அவரு அங்க இருப்பாருங்களா?" உங்கள் வாயில் அது எப்படி வருகிறதோ, அதுதான் முடிவு. நான் இந்தக் காலி அறையில் நடந்து நடந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது.