ஆல்ஸ்டார் செட்டு

குனிந்தே இருந்தால் இடுப்பு மரத்துப் போகும், வலி தெரியாது. நிமிர்ந்தால்தான் உயிர் போகும். பதினெட்டு வருசமாக நடவுக்குப் போகிறேன். காலையில் பாயிலிருந்து எழும்போது ஒரு கையைச் சுவரில் ஊன்றித்தான் எழுகிறேன். இதைச் சொல்லி அழ ஆள் கிடையாது. எங்கள் தெருவில் எல்லா வீட்டுச் சுவரிலும் பாய்க்கு மேலே அப்படி ஒரு கை அழுக்கு இருக்கிறது.

என் பேர் சந்தனமேரி. கந்தர்வக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிசம் எங்கள் ஊர். எங்கள் நடவு செட்டில் பதினாறு பெண்கள். போன் வருவது எனக்கு, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசுவது நான், ஒருத்தி வராவிட்டால் ஏச்சு வாங்குவதும் நான்.

எங்களை இந்தப் பக்கம் ஆல்ஸ்டார் என்றால்தான் தெரியும். அந்தப் பேர் எங்களுக்கு வைத்தது இல்லை. என் கொழுந்தன் பிராங்க்ளின் கபடி குழுவுக்கு வைத்தது. அவன் ஊர்ப் பையன்களை நம்பவில்லை. ஆலங்குடியில் பாடிப் போக ஒருத்தன், ஜெகதாப்பட்டினத்தில் பிடிக்க ஒருத்தன் என்று பொறுக்கினான். அந்த ஜெகதாப்பட்டினத்தான் வலை இழுத்த கை, காலைப் பிடித்தால் விடமாட்டான். இப்படிப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஆல்ஸ்டார் என்று போர்டு வைத்தான். ஊரில் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. "ஊருக்கு ஆடாம கப்புக்கு ஆடுறானுக" என்றார்கள். அப்போது ஆல்ஸ்டார் என்றால் சோற்றுக்கு வந்த வெளியூர்க்காரன் என்று அர்த்தம்.

மூன்று கப்பு வந்தது. அதற்குப் பிறகு ஊரே அந்தப் பேரைத் தூக்கிக்கொண்டு திரிந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை ஆல்ஸ்டார். டீக்கடையில் கடைசி வடையை எடுத்தவனும் ஆல்ஸ்டார். பிறகு ஒருத்தனுக்குப் போலீஸ் வேலை கிடைத்தது, மூன்று பேர் சிங்கப்பூர் போனார்கள், பிராங்க்ளின் தோகாவில் வண்டி ஓட்டப் போனான். பன்னிரண்டு சட்டையும் எங்கள் வீட்டில் ஒரு சாக்கில் கிடந்தன.

நடவுக்குப் போகிறவர்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போடுவோம். பருத்திச் சட்டை நனைந்தால் உடம்போடு ஒட்டி மாலை வரைக்கும் கனக்கும். பிராங்க்ளின் சட்டை வழவழவென்று இருக்கும், பத்து நிமிசத்தில் காய்ந்துவிடும். சாக்கை அவிழ்த்தேன். கருநீலச் சட்டை, முதுகில் மஞ்சள் எழுத்தில் ஆல்ஸ்டார், அதற்குக் கீழே நம்பர். அன்றைக்கு யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்குக் கொடுத்தேன். அதில் வேறு கணக்கு எதுவும் இல்லை. உண்ணாமலை முதல் ஆளாக வந்தவள்தான். மோந்து பார்த்துவிட்டு, "ஆம்பள வேர்வ இன்னும் போகலடி, எனக்கு வேணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பஸ்ஸில் கண்டக்டர் கேட்டான், "கப்பு எங்கக்கா?"

"ஒங்க வீட்டுலதான் இருக்கு. போயிக் கழுவி வையி" என்றாள் உண்ணாமலை. பஸ்ஸே சிரித்தது.

இப்படித்தான் அந்தப் பேர் எங்கள் முதுகில் ஏறியது. முதலில் கேலி. ஒரு தாளடி, ஒரு சம்பா போனபிறகு கேலி நின்றது. எங்கள் கை வேகம், ஊன்றுகிற நாத்துக் குத்து நெருக்கம், வயலில் திட்டு விழாது. "ஆல்ஸ்டார் இருக்கா?" என்று போன் வர ஆரம்பித்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் கருநீலச் சட்டையைத் தூரத்தில் பார்த்தே வரப்பில் நின்று கூப்பிட்டார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வயல்காரர்கள் சட்டையை எண்ண ஆரம்பித்தார்கள். "என்ன மேரி, நாலு பேரு சட்டை இல்லாம இருக்காங்க? அவங்க ஆல்ஸ்டார் இல்லையா?" என்று கேட்பார்கள். உண்ணாமலை, பொன்னுத்தாய், இன்னும் இரண்டு பேர். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. நான் சும்மா இருந்ததே போதும். சாக்கு அவிழ்த்த அன்று யார் முந்தினார்கள் என்பது எல்லோருக்கும் மறந்துபோனது. சட்டை இல்லாதவள் கை மந்தம் என்று ஆனது. உண்ணாமலை விசயத்தில் அது பொய்யும் கிடையாது. கதிரடிக்கிற மிசினின் பெல்ட்டில் மாட்டி அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் பாதிதான் இருக்கிறது. நடவில் அவள் பின்தங்குவாள். அதனால் நாத்து முடி வீசுவாள். முடி என்றால் ஒரு பிடி நாத்து, வைக்கோலால் கட்டியது. அதை நடுகிறவர்களுக்கு எட்டும்படி சேற்றில் வீசிப் போடவேண்டும்.

இந்தப் புரட்டாசியில் நாகராசு அண்ணன் கூப்பிட்டார். பதினெட்டு ஏக்கர், போர் தண்ணீர், ரோட்டு ஓரம். இந்தப் பக்கத்தில் அவ்வளவு வைத்திருப்பவர் அவர் ஒருத்தர்தான்.

"ஒரத்தநாட்டுல வங்காளத்து ஆளுக வந்து தங்கியிருக்காங்க மேரி. கயிறு கட்டி நடுறாங்க. அவங்க மேஸ்திரி போன் மேல போன் போடுறான். நீ நாளைக்கி ரெண்டு ஏக்கர நட்டுக் காட்டு. ஒரே நாள்ல முடிச்சா மிச்சம் பதினாறும் ஒனக்கு. முடியலன்னா சாயங்காலம் அவனுக்குச் சொல்லிருவேன்."

அந்த வங்காளத்து ஆட்களின் கையை நான் பார்த்திருக்கிறேன். நல்ல கை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் வந்தால் அந்தப் பதினாறு ஏக்கர் போகும், அதைப் பார்த்து மற்றவர்களும் அவர்களைக் கூப்பிடுவார்கள். எங்கள் பதினாறு வீட்டுக்கும் இந்தச் சம்பா அதோடு முடிந்தது.

"முடிப்போம்ண்ணே" என்றேன்.

"சட்டை போட்டவங்க மட்டும் வாங்க. கூட்டம் வேணாம். ஆல்ஸ்டார் பன்னெண்டு பேரு போதும்."

நான் தலையாட்டினேன். தப்பு அங்கே நடந்தது. யார் யார் என்ன செய்கிறார்கள் என்று யோசிக்காமல், சாக்கில் எத்தனை சட்டை இருந்ததோ அத்தனை பேரைச் செட்டு என்று ஒத்துக்கொண்டேன். உண்ணாமலையிடம் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. "சரி ஆத்தா, நீங்க ஸ்டாருக, போங்க" என்று மட்டும் சொன்னாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் ஆறு மணிக்கு இறங்கினோம். நாத்துப் பறித்துக் கட்டி வரப்பில் அடுக்கி வைத்திருந்தார்கள். பன்னிரண்டும் நடுகிற கை. ரம்யா ஏழாம் நம்பர், செட்டிலேயே வேகமான கை அவளுடையது. ஒரு மணி நேரம் பறந்தோம். முதலில் போட்டிருந்த முடி தீர்ந்தது. எல்லோரும் நிமிர்ந்தோம்.

"அடுத்த முடி யாரு வீசுறது?" என்றேன்.

ஒருத்தியும் அசையவில்லை.

"ரம்யா, நீ போ."

"நான் நடத்தான மதினி வந்தேன்? முடி தூக்கவா வந்தேன்? மூணாம் நம்பரப் போகச் சொல்லுங்க."

"நான் ஏண்டி போறேன்? ஒன் கையி மட்டும் பொன்னுல செஞ்சதா?" என்றாள் மூன்றாம் நம்பர்.

நாகராசு அண்ணனின் டிராக்டர் டிரைவர் மதுரைவீரனை வீசச் சொன்னோம். நாய்க்குக் கல்லெறிகிற மாதிரி எறிந்தான். ஒரு முடி என் முதுகில் விழுந்தது, ஒன்று ரம்யா முகத்தில் சேற்றை அடித்தது, பத்து முடி ஒரே இடத்தில் குவிந்தது. "கபடி ஆடுறவங்களுக்குப் பிடிக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அவன் டிராக்டர் நிழலுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவரவர் முடியை அவரவரே போய் எடுத்து வந்தோம். ஒருத்தி போனால் அவள் வரிசை நிற்கும், பக்கத்து வரிசை முன்னேறும், நடவு கோணலாகும், நட்ட இடத்தில் கால் பதியும். போய் வருகிற ஒவ்வொரு தடவையும் நிமிரவேண்டும், குனியவேண்டும். பத்து மணிக்கெல்லாம் எனக்கு இடுப்பு கழன்று விழுகிற மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் எங்கள் வேகம் எங்கே இருந்தது என்று எனக்கு உறைத்தது. நாங்கள் பின்னால் நடந்துகொண்டே நடுவோம். கையிலிருக்கும் முடி தீரும் நேரத்தில், கையைப் பின்னால் நீட்டினால் அடுத்த முடி அங்கே இருக்கும். அதிகமாக விழுந்தால் கால் இடறும், குறைவாக விழுந்தால் நிமிரவேண்டும். ரம்யாவுக்கு எத்தனை, எனக்கு எத்தனை என்று உண்ணாமலைக்குத் தெரியும். அந்த அரை விரலோடு அவள் வீசுவாள், நாங்கள் பகல் முழுக்க நிமிரவே மாட்டோம்.

பதினோரு மணி. அரை ஏக்கர் முடியவில்லை. நாகராசு அண்ணன் வரப்பில் நின்று போனை எடுத்தார், பார்த்தார், பையில் வைத்தார். நானும் என் போனை எடுத்தேன்.

"என்னா மேரி, சட்ட கிழிஞ்சிருச்சா?" என்றாள் உண்ணாமலை.

"வாடி இங்கிட்டு. முடி வீச ஆளில்ல."

"பன்னெண்டு ஸ்டாரு இருக்கே, ஒரு ஸ்டாரு வீசாதா?"

"வீசாது."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள், "நான் எங்க வயல்ல நிக்கிறேன். நீங்க எங்கள விட்டுட்டுப் போனீக, சரின்னு நாலு பேருமா சேந்து எங்க அரை ஏக்கர நட்டுக்கிட்டு இருக்கோம். பாதி ஆச்சு. இருபத்தஞ்சு சென்டு கெடக்கு. அத விட்டுட்டு வரணுமா?"

"அத நாங்க நட்டுத் தாரோம். எல்லாருமா. கூலி வேணாம்."

"எப்ப?"

"நாளைக்கி."

"மாதா மேல சத்தியமா?"

"அவுகள எதுக்கு இழுக்குற? நான் சொல்றேன்ல?"

"அவுகள நம்பித்தான் வாரேன். ஒன்ன நம்பி இல்ல."

பத்து நிமிசத்தில் நாலு பேரும் வந்தார்கள். சேறு காயாத கால். நாகராசு அண்ணன் கேட்டார், "இவங்க யாரு மேரி? நான் ஆல்ஸ்டார் மட்டுந்தான வரச் சொன்னேன்?"

"இவங்க இல்லாமத்தாண்ணே காலையிலேருந்து நீங்க பாத்தது. இப்பப் பாருங்க. பதினாறு பேருக்கு ஒரு பைசா கூடக் கேக்க மாட்டேன். ஏக்கருக்குப் பேசினதுதான்."

உண்ணாமலை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகினாள், கோணலாகக் கிடந்த குவியலைப் பிரித்தாள், வீச ஆரம்பித்தாள். பொன்னுத்தாயும் ஒருத்தியும் வரப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். நாலாவது ஆள் கால் பதிந்த இடத்தையெல்லாம் திருத்தி நட்டாள். ரம்யா பக்கத்தில் ஒரு முடி பொத்தென்று விழுந்தது.

"இந்தா பொன்னு கையி. எட்டுதா, இன்னும் கிட்ட வைக்கவா?" என்றாள் உண்ணாமலை. காலையில் நடந்ததை அதற்குள் அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரம்யா தலையைத் தூக்கவில்லை. தூக்க நேரமும் இல்லை.

மத்தியானச் சோற்றை நின்றுகொண்டே தின்றோம். ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிசம் இருந்தபோது கடைசிக் குத்தை நான் ஊன்றினேன். ஐந்துக்கு முடிப்போம் என்று மனசில் நினைத்திருந்தேன், முடியவில்லை. ஆனால் வெளிச்சம் இருந்தது. நாகராசு அண்ணன் வரப்பைச் சுற்றி வந்தார். கோணலாக நட்ட அரை ஏக்கரைக் காட்டி, "இது ஆல்ஸ்டார் நட்டது. மத்தது நல்லா இருக்கு" என்றார்.

உண்ணாமலை காலைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

பதினாறு ஏக்கரும் எங்களுக்கே கிடைத்தது. அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் கூப்பிட்டார்கள். போனில் பேசும்போது, "எத்தன பேரு?" என்று கேட்டால், "பதினாறு. எண்ணிக்கைக்கு ஒத்துக்கிட்டா வாரோம்" என்கிறேன். எவரும் மறுக்கவில்லை. இப்போது அந்தப் பேர் இன்னொரு பக்கம் போய்விட்டது. வயல்காரர்கள் அதை அளவாகப் பேசுகிறார்கள். போன வாரம் உரக்கடையில் என் காதால் கேட்டேன்: "ஒனக்கு ரெண்டு ஏக்கரா? ஒரு ஆல்ஸ்டார் வேணும். எனக்கு ஒண்ணுதான், அரை ஆல்ஸ்டார் போதும்." அரை ஆல்ஸ்டார் என்று ஒன்று கிடையாது, வந்தால் பதினாறும் வருவோம் என்று அங்கேயே சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லட்டும், வேலை வருகிறது.

பிராங்க்ளின் தோகாவிலிருந்து பேசினான். நாலு சட்டை புதிதாக அடித்து அனுப்புகிறேன் என்றான். உண்ணாமலையிடம் சொன்னேன். "சட்ட வேணாம். நடவு வேணும்" என்றாள்.

மறுநாளே நட்டுத் தருகிறேன் என்றுதான் சொன்னேன். மறுநாள் விடியும்போதே நாகராசு அண்ணன் தண்ணீரைத் திறந்துவிட்டுப் போன் பண்ணினார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது எல்லோருக்கும் உடம்பு கட்டை. பதினாறு பேர் இறங்கினால் ஒன்றரை மணி நேர வேலை. எங்களுக்கு முடி வீச அவள் தினமும் தன் வயல் வழியாகத்தான் வருகிறாள். ஒரு பாதி பச்சை பிடித்துவிட்டது. மறு பாதியில் உழுத சேறு இறுகுகிறது, நாற்றங்காலில் மிச்ச நாத்து முப்பத்திநாலு நாளாகி முற்றி நிற்கிறது. ஊருக்கே நட்டாயிற்று. உண்ணாமலைக்கு இருபத்தைந்து சென்ட் நடவு நான் பாக்கி.